கூகுள்லயே முதல்ல வருதாம்!

"கூகுள்லயே முதல்ல வருது" என்பது இப்போது மதுரையில் ஒரு நற்சான்றிதழ் ஆகிவிட்டது. முட்டிவலி டாக்டரோ, ஏசி மெக்கானிக்கோ, மண்டபமோ, போனை எடுத்துத் தேடுகிறோம், மேலே நிற்பதைத் தொடுகிறோம், முடிந்தது கதை. இதே ஆட்கள்தான் விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்காமல் பர்ஸைத் திறக்க மாட்டார்கள்.

மேலே நிற்பது பல நேரம் காசு கட்டி வாங்கிய இடம். ஒரு காலத்தில் விளம்பரத்துக்குப் பின்னால் மஞ்சள் பூசியிருக்கும், பார்த்ததுமே தெரியும். அதை எடுத்துப் பல வருஷம் ஆயிற்று. இப்போது 'ஸ்பான்சர்டு' என்று ஒரு சொல். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறவர்கள் இப்படித்தான் போலி நம்பரில் மாட்டுகிறார்கள். தெரிந்த அக்கா ஒருவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குத் தேடி, போனை எடுத்தவன் சொன்ன ஆப்பை இறக்கினார். கணக்கில் இருந்ததெல்லாம் போச்சு. (பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். இதையும் அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், இப்போதே சேமித்து வையுங்கள்.)

சரி, விளம்பரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்தோமா? 2005-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஜோகிம்ஸ் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். மாணவர்களுக்குச் சொல்லாமல் கூகுளின் முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றிக் காட்டினார்கள். அப்போதும் அதிகம் கிளிக் விழுந்தது மேலே இருந்ததற்குத்தான். படித்த பிள்ளைகளே அப்படி!

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2023-ல் கூகுள் தேடல் பிரிவின் பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது 'நேவ்பூஸ்ட்' பற்றி வெளியே வந்தது. 13 மாத கிளிக்குகளைச் சேர்த்துவைத்து, எதை மேலே காட்டலாம் என்று முடிவுசெய்ய உதவும் ஏற்பாடு அது. மேலே இருக்கிறது என்று நாம் தொட, நாம் தொட்டோம் என்று அது மேலேயே இருக்கும். மேலே இருப்பதையே நாம் தொடும் இந்தச் சாய்வு கூகுள்காரர்களுக்கும் தெரியும், அதைக் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால் இரண்டாம் பக்கத்தில் கிடப்பதை யாருமே தொடவில்லை என்றால் எதைக் கழிப்பது?

வெளியூர்க்காரர்கள் ஜிகர்தண்டா தேடுவதைக் கவனியுங்கள். முதலில் வரும் கடையில் கூட்டம், கூட்டத்தால் ரிவ்யூ, ரிவ்யூவால் இன்னும் கூட்டம். வருஷக்கணக்காக அதே ருசியில் கொடுக்கும் தள்ளுவண்டிக்காரர் மேப்பிலேயே இல்லை.

இப்போது முடிவுகளுக்கு மேலேயே பதிலை எழுதிக் காட்டும் ஏஐ சுருக்கம் வேறு வந்துவிட்டது. பியூ என்ற ஆய்வு நிறுவனம் 2025-ல் அமெரிக்காவில் பார்த்தது: சுருக்கம் வந்த தேடல்களில் கீழே உள்ள இணைப்பைத் தொட்டது 8 சதவீதம், வராதவற்றில் 15. எழுதினவன் பக்கத்துக்கு ஆளே போகவில்லை என்றால் அடுத்து அவன் எதற்கு எழுதுவான்?

டாக்டர் விஷயத்திலாவது விரலைக் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். அப்புறம் அண்ணாநகரிலோ அனுப்பானடியிலோ அவரிடம் வைத்தியம் பார்த்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டு டோக்கன் போடுங்கள்.