சூப்பர் என்றால் பேரண்ட் கிளாஸ் என்று சொல்லித் தராதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லித் தரும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் டிப்ளோமா படிப்பவர்கள். அவர்களின் பாடக் குறிப்புகளில் ஒரு வரி அடிக்கடி வருகிறது: "சூப்பர், பேரண்ட் கிளாஸின் இனிட்டைக் கூப்பிடும்." கிளாஸ் என்பது பொருள்களை உருவாக்கும் அச்சு. ஒரு கிளாஸ் எதிலிருந்து வருகிறதோ அது அதன் பேரண்ட். பொருள் உருவாகும்போது ஓடும் தொடக்க வேலைதான் இனிட். பேரண்ட் ஒன்றுதான் என்றால் சரி. இரண்டு வந்தால் இந்த வரி பிள்ளைகளைக் குழப்பிவிடும். இதைத் திருத்தியே ஆகவேண்டும்.

செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரியை நிறுக்க ஒரு புரோகிராம் எழுதுகிறோம். அடியில் 'கருவி', அதன் இனிட் எடைப் பட்டியலைக் காலியாகத் தொடங்கும். 'தராசு', 'பதிவேடு' இரண்டும் கருவியிலிருந்து வருபவை. 'மேடை' அந்த இரண்டையும் அதே வரிசையில் பேஸ் கிளாஸாக, அதாவது பேரண்டாக, எடுத்துக்கொள்கிறது. தராசும் பதிவேடும் கருவியின் இனிட்டை நேரடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மேடையும் இரண்டையும் அப்படியே கூப்பிட்டால், கருவியின் இனிட் இரண்டு தடவை ஓடும். தராசு முதலில் பட்டியலில் போட்டது பதிவேட்டின் முறை வரும்போது அழிந்துவிடும். எர்ரர் எதுவும் வராது. அதுதான் எனக்குக் கவலை.

எல்லாரும் சூப்பரையே பயன்படுத்தினால் கூப்பிடும் வரிசை (இதற்குப் பெயர் எம்.ஆர்.ஓ.) இதுதான்: மேடை, தராசு, பதிவேடு, கருவி, கடைசியில் எல்லா கிளாஸுக்கும் அடியில் இருக்கும் ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றும் ஒரே தடவை. தராசுக்குள் இருக்கும் சூப்பர் இங்கே போவது கருவிக்கு அல்ல, பதிவேட்டுக்கு! தராசை எழுதியவருக்குப் பதிவேடு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அதனால் தராசு சூப்பரைக் கூப்பிட மறந்தால், பதிவேடும் கருவியும் தொடங்கப்படாமலே நின்றுவிடும். இந்த வரிசையைப் போடும் சி3 முறை 1996இல் டிலன் மொழிக்காக வந்தது, பைத்தான் 2.3 அதை 2003இல் எடுத்துக்கொண்டது.

சி பிளஸ் பிளஸ் மொழியில் கதை வேறு. கருவியை விர்ச்சுவல் பேஸாக, அதாவது இரண்டு வழியில் வந்தாலும் ஒன்றே ஒன்றாக, வைத்தால், அதைத் தொடங்கும் பொறுப்பு கடைசியில் நிற்கும் மேடைக்கே.

"டிப்ளோமா பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். வேலைக்குப் போய், பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவைத் திறந்தால் எங்கும் மிக்ஸின்தான், அதாவது வேறு கிளாஸோடு சேர்த்துக்கொள்ளும் சின்னக் கிளாஸ். லாகின் கேட்கும் மிக்ஸினை இடப்பக்கம் முதலில் போடவேண்டும். பக்கத்தைத் தரும் கிளாஸான வியூவுக்குப் பின்னால் போட்டால், கோரிக்கையை வாங்கி நடத்தும் வியூவின் டிஸ்பாட்ச் முந்திக்கொள்ளும். அது சூப்பரைக் கூப்பிடுவதில்லை. லாகின் இல்லாமலே பக்கம் திறந்துவிடும். எம்.ஆர்.ஓ.வை ஒருமுறை பிரிண்ட் செய்து பார்க்கப் பழகிய பிள்ளை இதை உடனே கண்டுபிடித்துவிடும்.