பாட வராதவங்களுக்கு டோனி விருது குடுக்க மாட்டாங்க சார்

நேத்து அந்த போஸ்ட்ல நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க, அதனால முதல்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல, ஸ்க்ரீன்ஷாட்டும் போட மாட்டேன், அந்த சார் இன்னும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்லதான் இருக்கார். "பாலி ஹாய் பாட்டுக்கு வாயசைச்ச அம்மாவுக்குப் பாடவே வராது, அதான் படத்துல வேற குரல், இதுக்கு இவ்வளவு பில்டப்பா"ன்னு ஒரு கமெண்ட், 1958ல வந்த 'சௌத் பசிபிக்' ஹாலிவுட் படத்துல மேரிங்கிற ரோல்ல நடிச்ச ஹுவானீட்டா ஹாலைப் பத்தி. கீழ வரிசையா ஹாஹா. நான் ரெண்டு வரி பதில் போட்டேன். "கூல் மேடம்"ன்னுட்டார். சரி, கூலாவே சொல்றேன்.

ஹுவானீட்டா ஹால் மேடைப் பாடகி. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்ப சொல்லப் போறேன், போரடிச்சா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. 1901ல நியூ ஜெர்சில கீபோர்ட்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவங்க. ஜூலியார்ட் இசைப்பள்ளில படிச்சவங்க. 'ஷோ போட்' நாடகத்துல கோரஸ்ல நின்னாங்க, ஹால் ஜான்சன் கோரஸ் குழுவுல வருஷக்கணக்கா பாடினாங்க, அப்புறம் சொந்தமா ஒரு குழுவே நடத்தினாங்க. இவ்வளவும் முடிச்சு 1949 ஏப்ரல்ல நியூயார்க் மெஜஸ்டிக் தியேட்டர்ல பின்னாடி படமான அந்த 'சௌத் பசிபிக்' மியூசிகல் (பாட்டு நாடகம்) மேடையேறினப்போ, அதுல மேரியா நடிச்ச இவங்களுக்கு வயசு 47. நாற்பத்தேழு! நம்மாளுங்க அந்த வயசுல ரிட்டயர்மென்ட் கணக்கு போட ஆரம்பிச்சிருப்பாங்க. அடுத்த வருஷம் டோனி விருது, அமெரிக்க மேடை நாடகத்துக்குக் குடுக்கற பெரிய விருது. அந்த விருதை வாங்கின முதல் கறுப்பினக் கலைஞர் இவங்கதான், ஆண் பெண் ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன். பாட வராத அம்மாவுக்கு, மியூசிகல்ல, பாடி நடிச்ச ரோலுக்குக் குடுத்திருக்காங்க பாருங்க, என்ன ஒரு தாராள மனசு!

அந்த நாடகத்தோட ஒரிஜினல் ரெக்கார்டிங் இருக்கு. 1949லயே கொலம்பியா எல்.பி.யா போட்டது, அமெரிக்காவுல ஒரு வருஷத்துக்கு மேல முதலிடத்துல உக்காந்திருந்த ரெக்கார்டு. இப்ப யூடியூப்ல ஃப்ரீயா கிடைக்குது. 'பாலி ஹாய்'ங்கிற அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் கேளுங்க. முதல் எழுத்துல இருந்து அடுத்ததுக்கு ஒரு முழு ஸ்தாயி ஒரே தாவல், மேல போய் நிக்காம உடனே அரை ஸ்வரம் கீழ வழுக்கி இறங்கணும், அந்த அரை ஸ்வரத்துலதான் பாட்டோட ஏக்கம் மொத்தமும் இருக்கு. அம்மா அந்தத் தாவலைக் கத்தித் தாவ மாட்டாங்க. கொஞ்சம் கரகரப்பா, அடித்தொண்டையில சிரிப்பை அடக்கி வச்ச மாதிரி ஒரு குரல், ஒரு சிப்பாயை ஆசை காட்டித் தீவுக்குக் கூப்பிடுற, புல்லுப் பாவாடை வித்துப் பொழைக்கிற கிழவியோட குரல். மேரிங்கிறவ யாருன்னு அந்தக் குரல்லயே தெரிஞ்சிடும். படத்துல வர்ற குரல் அழகா, வழவழன்னு இருக்கும். அழகுதான், இல்லேங்கல. ஆனா மேரி எங்க?

இதை நான் இன்னைக்குக் கண்டுபிடிக்கல. எங்க மாமா சரக்குக் கப்பல்ல வேலை பாத்தவர், லீவுக்கு வரும்போதெல்லாம் எல்.பி. கொண்டு வருவார், அந்த ரெக்கார்டும் அப்படி வந்ததுதான். இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனா தேய்ஞ்சு போற அளவுக்குக் கேட்டிருக்கேன். ரொம்ப வருஷம் கழிச்சு அவரே அந்தப் படத்தோட வீடியோ கேசட்டும் கொண்டு வந்தார், ஹால்ல சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்து பாக்கறோம், பாட்டு வந்ததும் "மாமா, இது அந்தக் குரல் இல்ல"ன்னேன். "அதே அம்மாதான்டி, பேரு போட்டான்ல, ஒன் காதுல என்ன கோளாறு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிட்டேன். மாமா நல்லவர்தான், பாட்டு கேக்கற பழக்கமே அவர் குடுத்தது. இருந்தாலும் அந்தச் சிரிப்பு இருக்கே, நேத்து அந்த ஹாஹா வரிசையைப் பாத்தப்போ காதுக்குள்ள கேட்டுச்சு. சரி விடுங்க, விஷயத்துக்கு வரேன்.

படத்துல பாடினது மூரியல் ஸ்மித். இவங்களும் கறுப்பினப் பாடகிதான், இவங்களும் மேடைதான். 1943ல நியூயார்க்கோட நாடக மேடையான பிராட்வேல 'கார்மென் ஜோன்ஸ்' வந்தப்போ கார்மெனா பாடினவங்க. அப்புறம் லண்டன் போயி அங்க ட்ரூரி லேன் தியேட்டர்ல இதே மேரி ரோலைப் பண்ணவங்க. 1952ல 'முலான் ரூஜ்' படத்துல ஜா ஜா கபோர்ங்கிற வெள்ளைக்கார ஸ்டார் வாயசைக்கிற பாட்டும் இவங்க குரல்தான். அப்ப யாராவது ஜா ஜா கபோரைப் பாத்து ஹாஹா போட்டாங்களா?

"பாடினவங்களும் கறுப்பினம்தானே, அப்புறம் எங்க வந்துச்சு நிறவெறி"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார். அண்ணே, அந்த வார்த்தையை நான் எங்க சொன்னேன்? இசையமைச்ச ராட்ஜர்ஸ்தான் குரலை மாத்தச் சொன்னார்னு சொல்றாங்க, அவர் பாட்டு, அவர் உரிமை. நான் சொல்றது, மாத்தினது அவங்க, கேலி வாங்குறது இந்தம்மான்னு. ஒரு பாடகியோட முகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, இன்னொரு பாடகியோட குரலை மட்டும் எடுத்துக்கிட்டு, குரல் குடுத்தவங்க பேரைத் திரையில போடாம விட்டதுல ரெண்டு பேருக்கும் நஷ்டம். போதுமா?

அடுத்தது, "ஹீரோவுக்கும்தான் வேற ஆள் பாடினார்". ஆமா, ராசானோ பிராட்ஸிக்கு ஜார்ஜியோ டோட்ஸி பாடினார். ஆனா மேடையில அந்த ரோலைப் பாடினது எட்ஸியோ பின்ஸா, பெரிய ஆபரா பாடகர், படம் வர்றதுக்கு முந்தின வருஷமே இறந்துட்டார். பிராட்ஸி மேடையில அதைப் பாடினதே இல்ல, அவர் இழக்க என்ன இருக்கு? மேடையில தானே பாடி விருதும் வாங்கின பாட்டை, இன்னொருத்தர் குரலுக்கு வாயசைச்சு நடிக்க வேண்டி வந்தது இந்தம்மாவுக்குத்தான். நம்ம ஊர்ல நடிகருக்கு டி.எம்.எஸ். பாடலையான்னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க. 'ஔவையார்' படத்துல கே.பி.சுந்தராம்பாளை நடிக்க மட்டும் வச்சு வேற யாரையாவது பாட வச்சிருந்தா தியேட்டர்ல நாற்காலி மிஞ்சியிருக்குமா? அவ்வளவுதான் என் பதில்.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. மேரி டோங்கின் நாட்டுக்காரி, இன்னைக்கு வியட்நாமோட வடக்குப் பக்கம். அந்த வேஷத்தை ஒரு கறுப்பினப் பெண் ஏன் போடணும், ஆசியப் பெண்களோட வாய்ப்பு போச்சேன்னு ஒரு தங்கச்சி கேட்டா. சரிதான்மா. இன்னைக்கு அப்படிப் பண்ண மாட்டாங்க, பண்ணவும் கூடாது. ஆனா 1949ல ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு பிராட்வேல என்ன ரோல் வரிசைகட்டி நின்னுச்சு? வேலைக்காரி, ஆயா, கோரஸ்ல பின் வரிசை. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, நிற வெறுப்பு பொறவியில வர்றதில்ல, சின்ன வயசுலயே ஊட்டி வளர்க்கிறதுன்னு பாட்டே வச்ச நாடகம் இது, அந்தப் பாட்டுக்காக ஜார்ஜியா மாநில சட்டசபைக்காரங்க 1953ல கொதிச்செழுந்தாங்க, அப்படிப்பட்ட நாடகத்துக்குக்கூட ஒரு கறுப்பின அம்மா வரணும்னா வேற நாட்டுக்காரியா வேஷம் கட்டிக்கிட்டுத்தான் வர முடிஞ்சுது. அந்த அம்மா சொந்த நிறத்துல, சொந்த மண்ணுக்காரியா முன்னாடி வந்து நின்னு பாட ஒரு பெரிய ரோல் இதே ராட்ஜர்ஸும் பாட்டு எழுதின ஹேமர்ஸ்டைனும் எழுதிக் குடுத்தாங்களா? எழுதல. அடுத்து குடுத்ததும் சீன அம்மா வேஷம்தான். அதை யாரும் கேக்க மாட்டீங்க, வாயசைச்சது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

கோவம் வந்துடுச்சு, மன்னிக்கவும். மன்னிக்கவும்கூட வேண்டாம், நேத்து நீங்க யாரும் கேக்கலையே.

கடைசியா அந்த "குரல் போயிருக்கும் மேடம், வயசாச்சுல்ல"ங்கிற கரிசனம். படம் வந்தது 1958 மார்ச்ல. அதே 1958 டிசம்பர் 1ஆம் தேதி செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர்ல 'ஃப்ளவர் டிரம் சாங்' ஆரம்பிக்குது, அந்த சீன அம்மா ரோல், அதே ராட்ஜர்ஸ் பாட்டு, அம்மா மேடையில சொந்தக் குரல்ல பாடுறாங்க. நாடகம் 600 ஷோ ஓடுது. அந்த சமயத்துலதான் பெஸ்ஸி ஸ்மித் பாடின ப்ளூஸ் பாட்டெல்லாம் எடுத்து ஒரு ஆல்பமும் போடுறாங்க, ஜாஸ்ல பெரிய ஆளான கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோன் வாசிச்சிருக்கார், குரல் போனவங்க பின்னாடி நின்னு வாசிக்கிற ஆளா அவர்? அப்புறம் 1961ல 'ஃப்ளவர் டிரம் சாங்' படமாவும் வருது. அதுல நடிச்ச நான்சி குவானுக்கு வேற குரல், ரெய்கோ சாட்டோவுக்கு வேற குரல். ஹுவானீட்டா ஹாலுக்கு ஹுவானீட்டா ஹால் குரல். அதுல அவங்க பாடின 'சாப் சூயி' பாட்டைத் தேடுங்க சார், பாத்துட்டு வந்து கமெண்ட் போடுங்க, காத்திருக்கேன்.