ஃப்ளாக் வந்ததால் லூக்கா கணக்கு நேராகிவிடாது

என்பிஏ கூடைப்பந்து அணியான டல்லஸ் மாவெரிக்ஸ் ஒருவழியாகத் தன் பொது மேலாளர் நிகோ ஹாரிசனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. 2025 நவம்பர் 11. சீசனில் 11 ஆட்டம் முடிந்து 3 வெற்றி, 8 தோல்வி என்று நின்ற நேரம். தன் நட்சத்திர வீரர் லூக்கா டோன்சிச்சை டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

செய்தி வந்ததிலிருந்து ஒரு வாதம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "என்ன இருந்தாலும் அந்த டிரேட் நடந்ததால்தானே டல்லஸ் தோற்றது, தோற்றதால்தானே கூப்பர் ஃப்ளாக் கிடைத்தான், கடைசியில் பார்த்தால் லாபம்தானே" என்று. ஃப்ளாக், 2025 டிராஃப்டில் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) டல்லஸ் முதலாவதாக எடுத்த பையன்; தோற்ற அணிகளுக்குத்தான் அதில் முன்வரிசை. எனக்கு இந்த வாதத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன. நமக்கு 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை. டல்லஸில் முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்கு மேல். இஎஸ்பிஎன் நிருபர் ஷாம்ஸ் சரானியா செய்தியைப் போட்டதும், அவருடைய கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைத்தார்கள். ஆமாம், உண்மைதான் என்று அவர் தனியாக இன்னொரு பதிவு போட வேண்டியிருந்தது. டோன்சிச், மேக்ஸி க்ளீபர், மார்கீஃப் மோரிஸ் மூவரும் லேக்கர்ஸுக்கு. பதிலுக்கு ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029 முதல் சுற்று டிராஃப்ட் பிக் ஒன்று. பிக் என்றால் அந்த வருட டிராஃப்டில் புது வீரர் ஒருவரை எடுக்கும் உரிமை. நடுவில் யூட்டா ஜாஸ் ஒரு இளம் வீரரையும் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளையும் வாங்கிக்கொண்டு ஒதுங்கியது.

அன்று லூக்காவுக்கு வயது 25. டேவிஸுக்கு 31. லூக்கா அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதல் ஆள். அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 73. தொடர்ந்து ஐந்து வருடம் ஆல்-என்பிஏ முதல் அணியில், அதாவது லீக்கின் அந்த வருடச் சிறந்த ஐவரில், இடம். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் டல்லஸை ஃபைனல் வரைக்கும் கூட்டிப் போயிருந்தார். இப்படிப்பட்ட ஆளை இந்த வயதில் எந்த அணியும் தானாக முன்வந்து விற்றதில்லை. போகிறேன் என்று வீரரே அடம்பிடித்தால் வேறு கதை. லூக்கா அப்படி எதுவும் கேட்கவில்லை.

சரி, விற்பது என்று முடிவெடுத்துவிட்டார்கள். என்ன விலைக்கு? இங்கேதான் எனக்கு மனம் ஆறவே இல்லை. 2024 கோடையில் நியூயார்க் நிக்ஸ், புரூக்ளினிடமிருந்து மிகல் பிரிட்ஜஸை வாங்க ஐந்து முதல் சுற்று பிக் கொடுத்தது. பிரிட்ஜஸ் நல்ல வீரர்தான், ஆனால் அதுவரை ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகாதவர். 2022-ல் ரூடி கோபேருக்காக மினசோட்டா நான்கு கொடுத்தது. அவ்வளவு ஏன், இதே லேக்கர்ஸ் 2019-ல் இதே டேவிஸை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து வாங்கியபோது மூன்று இளம் வீரர்களோடு மூன்று முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்துத்தான் வாங்கியது. லூக்காவுக்கு ஒன்றே ஒன்று. லேக்கர்ஸிடம் 2031 பிக்கும் இருந்தது, ஆஸ்டின் ரீவ்ஸ் என்ற நல்ல வீரரும் இருந்தார். இரண்டுமே டல்லஸுக்கு வரவில்லை. இதற்குப் பெயர்தான் அடிமாட்டு விலை.

அந்த விலைக்குக் காரணம் எளிது. வேறு யாரையும் கேட்கவே இல்லை. ஹாரிசனும் லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்காவும் ஜனவரியில் டல்லஸில் ஒரு காபி குடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்கள். பெலிங்கா ஒரு காலத்தில் லேக்கர்ஸ் ஜாம்பவான் கோபி பிரையன்ட்டின் ஏஜென்ட். ஹாரிசன் நைக்கியில் இருந்தபோது கோபியோடு நெருக்கமாக வேலை செய்தவர். பழைய பழக்கம். காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டார்கள். விஷயம் வெளியே கசிந்தால் ரசிகர்கள் கொதிப்பார்கள், பேரமே கெட்டுவிடும் என்று ஹாரிசன் பயந்திருக்கலாம். ஆனால் கசிந்திருந்தால் மற்ற அணிகள் வரிசையில் நின்று விலையை ஏற்றியிருக்குமே! ஊரில் ஒரு சென்ட் நிலம் விற்பவர்கூட இரண்டு தரகரிடம் விசாரிக்காமல் அட்வான்ஸ் வாங்க மாட்டார்.

ஹாரிசன் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லூக்காவின் உடம்பைப் பற்றிய குறை பொய்யல்ல. 2024 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், டிரேட் நடந்த நாள் வரை திரும்பி வரவில்லை. அந்த வருட ஃபைனலில் பாஸ்டன்காரர்கள், தடுப்பாட்டத்தில் பலவீனமான அவர் எங்கே நிற்கிறார் என்று தேடித் தேடி அவர் பக்கமே ஓடினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஆறு ஃபவுல் வாங்கி, ஆட்டம் முடியும் முன்பே வெளியே போனார். மேற்குப் பிரிவை வென்ற இரவு லூக்கா கையில் இருந்த பீரை, நடந்துபோகும் வழியிலேயே டல்லஸ் நிர்வாகி மைக்கேல் ஃபின்லி பிடுங்கிக்கொண்ட வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. (ஹாரிசன் போனதும் அவர் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்த இருவரில் அந்த ஃபின்லியும் ஒருவர்.) கூடவே 2025 கோடையில் ஐந்து வருடத்துக்குச் சுமார் 345 மில்லியன் டாலர் சூப்பர்மேக்ஸ் (லீக் அனுமதிக்கும் உச்சபட்ச) ஒப்பந்தம் நீட்ட வேண்டிய நிலை. தடுப்பாட்டம்தான் கோப்பை வெல்லும் என்றார் ஹாரிசன்.

நல்லது. அப்படியானால் உடம்பு தாங்கும் ஆளையாவது வாங்கியிருக்க வேண்டாமா? டேவிஸ் ஆரோக்கியமாக இருக்கும்போது லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2020-21-ல் 36 ஆட்டம், அடுத்த வருடம் 40 ஆட்டம் மட்டுமே ஆடியவர். டல்லஸுக்கு அவர் ஆடிய முதல் ஆட்டத்தைப் பாருங்கள். ஹூஸ்டனுக்கு எதிராக 26 புள்ளி, 16 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். அரங்கமே எழுந்து கத்துகிறது. மூன்றாவது கால் பகுதியில் தொடைப் பக்கத்துத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார். அப்புறம் ஆறு வாரம் ஆளையே காணோம். இதில் டேவிஸைத் திட்ட எனக்கு மனமில்லை. அவரும் யாரும் கேட்காமல் மூட்டை கட்டப்பட்டவர்தான். ஐபிஎல் டிரேடில் வீரரின் சம்மதம் வேண்டும். என்பிஏவில் மிகச் சிலரைத் தவிர யாரிடமும் கேட்பதில்லை, போன் வரும், கிளம்ப வேண்டும்.

இப்போது ஃப்ளாக் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் டல்லஸின் இன்னொரு நட்சத்திரமான கைரி அர்விங் முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது. டல்லஸ் 39-43 (39 வெற்றி, 43 தோல்வி) என்று முடித்தது, பிளேஆஃபுக்கான தகுதி ஆட்டமான பிளே-இன்னில் மெம்ஃபிஸிடம் தோற்றது. அன்று ஜெயித்திருந்தால், டிராஃப்டில் முதல் பிக் யாருக்கு என்று முடிவுசெய்யும் லாட்டரியிலேயே இடம் கிடையாது. சிகாகோவும் அதே 39-43. இரண்டில் யார் முன்னால் என்று ஒரு குலுக்கல் நடந்தது, அதில் டல்லஸ் வென்று 1.8 சதவீத வாய்ப்பைப் பெற்றது. சிகாகோவுக்கு 1.7. மே 12 அன்று அந்த 1.8 சதவீதம் பலித்தது, டல்லஸுக்கு முதல் பிக், ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஃப்ளாக். இந்தச் சங்கிலியில் ஹாரிசனின் மூளை எங்கே வேலை செய்தது என்று யாராவது காட்டுங்கள். அவர் டிரேட் செய்தது அந்த வருடமே கோப்பைக்கு மோத. அது உருப்படியாகத் தோற்றதால் வந்த பரிசு ஃப்ளாக். குருட்டு அதிர்ஷ்டம் அடித்ததற்காக, லூக்காவைச் சல்லிசாக விற்றவரை ராஜதந்திரி ஆக்க முடியாது.

அதே அளவுகோலை எதிர்ப்பக்கமும் வைக்கிறேன். லேக்கர்ஸ் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று உதை வாங்கியது. ஐந்தாவது ஆட்டத்தில் கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் எடுத்தார், ஏனென்றால் டேவிஸ் போனபின் லேக்கர்ஸிடம் அவரைத் தடுக்கும் உயரமான ஆள் இல்லை. அதை வைத்து "லேக்கர்ஸும் தோற்றது" என்று சொன்னவர்கள் உண்டு. அதுவும் தப்பு. 2025-26 சீசனை லூக்கா, இளைத்துப்போன உடம்போடு, தான் ஆடிய முதல் மூன்று ஆட்டத்திலும் 40-க்கு மேல் எடுத்துத் தொடங்கினார். அதற்காகவும் நான் என் தீர்ப்பை ஏற்றவில்லை. பிப்ரவரி 2 அன்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

எல்லா டிரேடையும் அன்றைக்கே எடைபோட்டுவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 2019-ல் கிளிப்பர்ஸ், பால் ஜார்ஜை ஓக்லஹாமா சிட்டியிடமிருந்து வாங்கியபோது, நட்சத்திர வீரர் காவாய் லெனார்டும் கூடவே வந்ததால், கிளிப்பர்ஸ்தான் வென்றது என்று எழுதாத ஆள் இல்லை. ஓக்லஹாமா வாங்கிக்கொண்டதில் ஒரு வருட அனுபவம் மட்டுமே உள்ள ஷை கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற பையன் இருந்தான், ஐந்து முதல் சுற்று பிக் இருந்தது, அதில் ஒன்று பிறகு ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025 கோப்பை ஓக்லஹாமாவுக்கு, எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருது ஷைக்கு. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஜார்ஜ் இல்லாமல் காவாய் வரமாட்டார் என்று தெரிந்து, ஓக்லஹாமா கிளிப்பர்ஸின் கழுத்தில் கத்தி வைத்து விலை கேட்டது. ஹாரிசன் கையிலும் அப்படி ஒரு கத்தி இருந்தது. எடுக்கவே இல்லை.

பணக்கணக்கில் லூக்காவும் இழந்தவர்தான். அந்த சூப்பர்மேக்ஸ் பழைய அணியில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்று வருடத்துக்கு 165 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார். அவருக்காக நாம் உண்டியல் குலுக்க வேண்டாம், ஆனால் கணக்கு என்றால் அதையும் எழுத வேண்டும்.

ரசிகர்களின் இழப்பை டிரேடுக்குப் போடும் எந்த மதிப்பெண்ணிலும் அடக்க முடியாது. டிரேடுக்கு மறுநாளே அரங்கத்துக்கு வெளியே, டல்லஸ் ஜாம்பவான் நோவிட்ஸ்கியின் சிலை முன்னால், ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏப்ரல் 9, லூக்கா மஞ்சள்-ஊதா உடையில் டல்லஸுக்கு வந்தார். ஒவ்வொரு இருக்கையிலும் ஸ்லோவேனிய மொழியில் நன்றி சொல்லும் டி-ஷர்ட். பழைய ஆட்டங்களின் வீடியோ திரையில் ஓட, பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்துபோய் 45 புள்ளி எடுத்தார். ஒவ்வொரு கூடைக்கும் எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், நடுநடுவே ஹாரிசனை வேலையை விட்டுத் தூக்கு என்று கோஷம்!

இன்னொன்று இப்போதே சொல்லி வைக்கிறேன். லூக்காவின் ஒப்பந்தப்படி அவர் விரும்பினால் 2028 கோடையில் லேக்கர்ஸை விட்டு வெளியேறலாம். போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேக்கர்ஸ் அடுத்த சீசனில் மண்ணைக் கவ்வும், டல்லஸ் கையில் இருக்கும் அந்த ஒற்றை 2029 பிக் மேலே ஏறும், ஒரு நல்ல பையன் வருவான். அன்றைக்கும் "பார்த்தீர்களா, ஹாரிசன் அப்போதே யோசித்திருக்கிறார்" என்று ஒரு பதிவு கட்டாயம் வரும். கமெண்டில் வந்து இதே ஐந்து பிக், ஒரு பிக் கணக்கை மறுபடி ஒட்டுவேன்.