பங்கு கேட்காதே என்று பழக்கியது யார்?

சொத்தில் பங்கு கேட்காமல் இருக்க மகளைப் பழக்குவது பெரும்பாலும் அம்மாதான். இதைப் படித்து யாருக்குக் கோபம் வந்தாலும் சொல்லியாக வேண்டும்.

பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆகிவிட்டது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. இத்தனை வருஷம் போராடி வந்ததை, 'என் பங்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பத்திரம் எழுதும் இடத்தில் வேலை பார்ப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு முறை வந்தவர் பள்ளிக்கூட டீச்சர். வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா, "அதுல என்னத்தப் படிக்கிறது, போடும்மா" என்றார். உள்ளே சார்பதிவாளர், "முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க சார்" என்றதும் அம்மாதான். மகள் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த அம்மா மகள்மேல் பாசமில்லாதவர் அல்ல. கடைசிக் காலத்தில் மகன் வீட்டுச் சோறுதான் என்ற பயம் அவருக்கு. "பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிடும். நாளைக்கு உன் புள்ளைக்குக் காது குத்த தாய்மாமன் மடி வேணாமா?" இந்தக் கேள்விக்கு முன்னால் எந்தச் சட்டமும் நிற்பதில்லை. நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம் என்பார்கள். அந்த நகை அடகுக்கடைக்குப் போய்விடும், நிலம் அண்ணன் பேரில் விலை ஏறிக்கொண்டிருக்கும்.

இது பத்திரத்தன்று தொடங்குவதில்லை. "அவன்கூட என்ன சண்டை, விட்டுக் குடு" என்பதில் தொடங்குகிறது. விட்டுக் கொடுத்த அன்றைக்கு மட்டும் "என் பொண்ணு தங்கம்" என்று கொஞ்சல் கிடைக்கும். கேட்காமல் இருந்தால்தான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அந்த வயதிலேயே படிந்துவிடுகிறது. வளர்ந்து சம்பளம் வாங்கினாலும் ஏடிஎம் கார்டு புருஷனிடம். அடகு வைத்த தன் நகையை எப்போது மீட்பார்கள் என்று கேட்கக்கூட வாய் வராது.

என் பெரியம்மா அதிகம் படிக்காதவர். பெரியப்பா போன பிறகு, தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கச் சொல்லி அவர் மகன் வந்து நின்றான். "அவளும் பத்து மாசந்தான்டா என் வயித்துல இருந்தா" என்று சொல்லிச் சரிபாதியாகப் பிரித்தார். அண்ணன் பொங்கல் சீரை நிறுத்திவிட்டான். அந்த வருஷம் அரிசி, வெல்லம், கரும்புக் கட்டு எல்லாவற்றையும் பெரியம்மாவே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். அந்த அக்கா இன்றைக்கும் புருஷன் வீட்டில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "குடுங்க, படிச்சிட்டுப் போடுறேன்" என்பாள். யாரும் அவளைக் கெட்டவள் என்று சொன்னதில்லை.

மகளைக் கையெழுத்துக்கு அழைத்து வரும் அம்மாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வரைவை அவள் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை நீங்கள் வெளியே உட்காருங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால், கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.