வேடந்தாங்கல் பறவைக்குச் சாப்பாடு எங்கே?

வேடந்தாங்கல் ஏரி மொத்தமே சுமார் 30 ஹெக்டேர்தான். சீசனில் நீர்க்கடம்ப மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா என்று ஆயிரக்கணக்கில். இத்தனை வாய்க்கும், குஞ்சுகளின் வாய்க்கும் சேர்த்து இந்த ஒரு ஏரி மீன் காணுமா? காணாது. இங்கே அவை வருவது கூடு கட்டத்தான். மரங்கள் தண்ணீருக்கு நடுவில் நிற்பதால் நாயோ பூனையோ நெருங்காது. சாப்பாடு பெரும்பாலும் வெளியே: மதுராந்தகம் பெரிய ஏரி, சுற்றியுள்ள சிற்றேரிகள், குட்டைகள், நெல் வயல்கள்.

நத்தைகுத்தி நாரையை வயலில் பார்த்திருக்கிறீர்களா? அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டி மாதிரி அதில் வைத்து நத்தையின் ஓட்டை நொறுக்கும் என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. சேற்றைத் துழாவி நத்தையை எடுத்து, தரையோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்முனையை உள்ளே செருகிச் சதையை மட்டும் உருவிவிடும். ஓடு பெரும்பாலும் உடையாது.

மஞ்சள் மூக்கு நாரைக்கு மீன் கண்ணில் படவே வேண்டாம். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி நடக்கும். எதாவது பட்டால் டக்கென்று மூடிக்கொள்ளும். அதனால் அதற்கு ஆழமில்லாத கரையோரம் வேண்டும். நீர்க்காகம் முங்கிப் பிடிப்பதால் அதற்கு ஆழம் வேண்டும். வக்கா நைட் ஷிஃப்ட். மற்றவை அடையும் நேரத்தில் அது கிளம்பும். உண்ணிக்கொக்கு மாட்டுக்குப் பின்னாலேயே போய் வெட்டுக்கிளி பிடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அது தெரிந்துதான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் உத்தரவு வாங்கினார்கள். காருண்யம் மட்டுமல்ல, கணக்கும்தான். அதில் தப்பே இல்லை.

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை கிளம்பியது, எதிர்ப்பும் பலமாக வந்தது. "ஏரியை யாரும் தொடவில்லையே, சுற்றியுள்ள பட்டா நிலம்தானே" என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் உண்டு. அந்தப் பட்டா நிலத்தில்தான் சார் நத்தை இருக்கிறது! அங்கே பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டால் ஏரியில் கூடு இருக்கும், குஞ்சுக்கு இரை இருக்காது. சரணாலய எல்லைக்குள் இருப்பதால் நில உரிமையாளருக்குச் சிரமம் உண்டுதான், மறுக்கவில்லை. அதற்கு ஈடு கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்; எல்லையைக் குறைப்பது பதிலாகாது.

தூர் வாருவதிலும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பல ஊர்களில் ஏரியைத் தொட்டி மாதிரி நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, சுற்றி நடைபாதை போட்டு, படகும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் நிறைய நிற்கும், நாரைக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. ஒரு கரையையாவது சரிவாக விட்டால் என்ன? சுற்றுவட்டார நெல் வயலில் பூச்சிமருந்தைக் குறைக்கிற விவசாயிக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் என்ன? முதலில் இதற்குப் பணம் ஒதுக்குங்கள். பார்வைக் கோபுரத்துக்குப் புதுப் பெயின்ட் அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.