அஸ்திபாரத்தை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அடக்க ஆராதனை வீடியோவை இன்னும் எத்தனை பேர் "ஆமென்", "சத்தியத்தைத் தைரியமாகச் சொன்ன ஊழியர்" என்று எழுதிப் பகிரப் போகிறீர்கள்? பெட்டியைக்கூட இன்னும் மூடவில்லை. மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கைப் பிடித்தவர், இந்தச் சகோதரன் நோயில் விழுந்த பிறகுதான் ஆண்டவரிடம் வந்தார், சபைக்கு ஒழுங்காக வந்தவர் இல்லை, ஞானஸ்நானமும் எடுக்கவில்லை, அதனால் இவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்கிறார். அந்த அம்மா அப்படியே தலையைக் குனிந்துகொள்கிறார். அந்த இடத்தில்தான் வீடியோவுக்குக் கீழே நெருப்பு எமோஜிகள் பறக்கின்றன.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேசினவர் ஒருவர், கைதட்டினவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள், அதுதான் எனக்கு வலிக்கிறது.

இரட்சிப்பின் அஸ்திபாரம் இயேசு கிறிஸ்து. அவர் சிலுவையில் மரித்தது, மூன்றாம் நாள் உயிர்த்தது, அவரை நம்பி வருகிறவனை அவர் ஏற்றுக்கொள்வது. இதன்மேல்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம். சபையின் வருகைப் பதிவேட்டின்மேல் யாரும் நிற்கவில்லை. வருமானத்தில் பத்தில் ஒன்றைப் போடும் தசமபாகக் கவரின்மேலும் நிற்கவில்லை. "போடப்பட்டிருக்கிற அஸ்திபாரமாகிய இயேசுகிறிஸ்துவை அல்லாமல் வேறே அஸ்திபாரத்தைப் போட ஒருவனாலும் கூடாது" என்ற 1 கொரிந்தியர் 3:11ஐ எத்தனை சபைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்! அதற்கு அடுத்த நான்கு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். ஒருவன் பொன்னும் வெள்ளியும் வைத்துக் கட்டுகிறான், இன்னொருவன் மரம், புல், வைக்கோல் வைத்துக் கட்டுகிறான். தீ வந்து பரிசோதிக்கிறது. வைக்கோலில் கட்டியவனுடைய வேலை எல்லாம் வெந்து போகிறது. அவன் கதி? நஷ்டமடைவான், ஆனாலும் அவன் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல இரட்சிக்கப்படுவான் என்கிறார் அந்த நிருபத்தை எழுதிய பவுல். கட்டினது முழுக்கச் சாம்பலான பிறகும் அந்த மனிதன் தப்புகிறான், ஏனென்றால் அஸ்திபாரம் எரியவில்லை. இதை அந்தக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் அம்மா இறந்த பிறகு அவருடைய பைபிள் உறைக்குள் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம்: ஜெபம், வேதம், உபவாசம். செய்த நாளில் நீல மையில் டிக், விட்டுப்போன நாளில் சிவப்புப் பேனாவில் வட்டம். கீமோ கொடுத்த வாரங்களில் பக்கம் பூராவும் சிவப்பு. எழுந்து உட்காரவே முடியாமல் இருந்த நாட்களில்கூட நோட்டை எடுத்து, கை நடுங்கி நடுங்கிக் கோணலாக அந்த வட்டத்தைப் போட்டிருக்கிறார். யாரிடம் காட்டுவதற்கு அம்மா? அந்த நாட்களில் ஒரு ராத்திரி என்னிடம், "நான் போய்ச் சேர்ந்துடுவேனா?" என்று கேட்டார். கிறிஸ்து இயேசுவுக்கு உட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். "ஐயா அப்படிச் சொல்லலையே" என்றார், எங்கள் சபைப் போதகரை நினைத்து. வாழ்நாள் முழுக்க இயேசுவை நேசித்த ஒரு பெண், சாகும்போது இயேசுவைவிட அந்த ஐயாவுக்குப் பயந்துகொண்டு கிடந்தார். "தைரியமான சத்தியம்" என்று நீங்கள் சொல்வது என் வீட்டில் செய்த வேலை இதுதான்.

சரி, உடனே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "அப்போ விசுவாசித்துவிட்டு எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?" நீங்கள் கேட்பதற்கு முன்பே பவுலுக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது. கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று அவரே எழுதி, கூடாதே என்று அவரே பதிலும் சொல்கிறார், ரோமர் 6இல். பயந்துபோய், பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று என்று முடித்த அஞ்சாம் அதிகாரத்தைத் திருத்தி எழுதவில்லை. பரிசுத்தமாக வாழ வேண்டாம் என்று யார் சொன்னது? இரட்சிக்கப்பட்டவன் நற்கிரியை செய்வான், செய்யத்தான் வேண்டும், எபேசியர் 2இல் "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று சொன்ன அடுத்த மூச்சிலேயே நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்றும் இருக்கிறது. நான் பேசுவது எது முதலில், எது பிறகு என்ற வரிசையைப் பற்றி. ஈவு, அதாவது இலவசப் பரிசு, என்று கையில் கொடுத்துவிட்டு, பின்னாலேயே வந்து மாதத் தவணை கேட்டால் அதற்குப் பெயர் ஈவா?

பதிலுக்கு யாக்கோபின் நிருபத்தைக் கொண்டுவரப் போகிறவர்களே, தாராளமாகக் கொண்டுவாருங்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது, எனக்கும் தெரியும். ஆனால் யாக்கோபு அந்த இடத்தில் எதை உதாரணமாகக் காட்டுகிறார்? உடையும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் ஒன்றும் கொடுக்காமல், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களை. அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டுப் படியை மிதித்தீர்கள்? அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபோது எத்தனை பேர் போய் ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? யாக்கோபு 2ஐ இறந்தவருக்கு வாசிக்கிறீர்களே, முதலில் யாருக்கு வாசிக்க வேண்டும்?

ஞானஸ்நானம் பற்றி அதிகம் பேச மாட்டேன். நானும் எடுத்திருக்கிறேன், சந்தோஷமாக எடுத்தேன், கர்த்தருடைய கட்டளை அது. ஆனால் இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனை யாரும் இறக்கித் தண்ணீருக்குக் கொண்டுபோகவில்லை. இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று ஆண்டவர் சொன்னார். "அது விதிவிலக்கு" என்பார்கள். சாகக் கிடக்கிறவனுக்கு விதிவிலக்கு கொடுத்தவர் அவர்தானே, அதைத் திரும்பப் பிடுங்க நாம் யார்?

"நீ என்ன வேதாகமக் கல்லூரியில் படித்தாயா?" இல்லை. படித்தவர்கள் சொன்னதையே சொல்கிறேன். இதற்காக, மார்ட்டின் லூத்தர் எதிர்த்து எழுந்த 1517இலிருந்து சபைகள் பிரிந்து, சண்டை போட்டு, ரத்தம்கூடச் சிந்தின பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டன. நம் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். வித்தியாசங்கள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவ்வளவு பெரிய பகையைத் தாண்டி அவர்கள் ஒத்துக்கொண்டதை, அவிசுவாசிகளுக்கு முன்பாக இயேசுவின் பெயரால் நடக்கும் ஒரு அடக்கத்தில் நாம் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடினதும் இதே பிரச்சினைக்குத்தான். யூதர் அல்லாதவர்கள் விசுவாசித்தாலும், யூத முறைப்படி விருத்தசேதனம் பண்ணாவிட்டால் அவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். நம் முன்னோர்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று எழுந்து கேட்டவர் பேதுரு. இன்றைக்கு அதைக் கேட்டால் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கின "பின்மாற்றக்காரன்" என்று என் இன்பாக்ஸில் வந்து எழுதுகிறீர்கள். எழுதுங்கள், பரவாயில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பவுலும் சீலாவும் அடைபட்டிருந்த பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரி பூமி அதிர்ந்து, கைதிகள் ஓடிப்போனார்கள் என்று நினைத்துப் பட்டயத்தை உருவித் தன்னையே குத்திக்கொள்ளப் போன அந்தச் சிறைக்காவலன், இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்று நடுங்கிக்கொண்டு கேட்டான். கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி என்றார்கள் பவுலும் சீலாவும். அவர்கள் காயங்களை அவன் கழுவினது, ஞானஸ்நானம் பெற்றது, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தது எல்லாம் அதே ராத்திரியில், அந்தப் பதிலுக்கு அப்புறம்தான். கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள், அவன் கேட்ட கேள்விக்கு அந்தப் பதிலோடு கூட நீங்கள் எதையெதைச் சேர்த்திருப்பீர்கள் என்று முதலில் எழுதிவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.