2147483647

பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில், ஒருநாள் காலையில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் எல்லோருக்கும் ஒரே மொபைல் நம்பர்: 2147483647. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விளையாடியது நானேதான். டேட்டாபேஸில் போன் நம்பருக்கான இடத்தை ‘இன்ட்’ வகையாகப் போட்டுவைத்திருந்தேன். அதில் கொள்ளும் உச்ச எண் இதுதான். நம் மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குபவை, எல்லாமே இதைவிடப் பெரியவை. பழைய மைஎஸ்க்யூஎல் (எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள்) வாயே திறக்காமல் எல்லாவற்றையும் உச்சத்திலேயே நிறுத்திச் சேமித்துவிட்டது. டில்லி லேண்ட்லைன் கொடுத்திருந்த ஒரு புண்ணியவான் மட்டும் தப்பித்தார்; 011-இல் முன்னால் உள்ள பூஜ்யம் போனால் அது உச்சத்துக்குள் அடங்கிவிடும்.

அன்றைக்கு இந்த எண்ணைத் திட்டினேன். இன்றைக்கு என் கருத்து வேறு. கம்ப்யூட்டர்காரர்கள் தினமும் முட்டிக்கொள்ளும் எண்களிலேயே அழகானது இதுதான், நாம்தான் முகத்தைப் பார்ப்பதில்லை.

‘இன்ட்’ வகைக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 போடும் 32 கட்டங்கள். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட, மிச்சம் 31. அதாவது 2-ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான். மிச்சம் 30 பிட் என்றிருந்தால் 3-ஆல் வகுபட்டிருக்கும், 32 என்றாலும் அப்படியே.

சரி, பகா எண் என்று எப்படித் தெரியும்? கால்குலேட்டர் இல்லாமல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். 1772-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெர்னூலி என்ற கணிதருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. நேர்வழியில் போனால் 46,341 வரை உள்ள கிட்டத்தட்ட 4,800 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் குறுக்குவழி கண்டார்: இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். ஒரே வரியில் ஆயிரக்கணக்கானவை வாசலோடு திரும்பிவிட்டன, உள்ளே வந்தவை நூறுகூட இல்லை. முதலில் நிற்பது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. அடுத்து 1303, அதற்கடுத்து 1489. எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை.

இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்க எண் ஒன்று கிடைக்கும். 6-க்கு 1, 2, 3 போல, தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகையே தானாக நிற்கும் நிறைவெண் அது. 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, ‘இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேடிக்கைக்கு யார் மெனக்கெடுவார்கள்’ என்ற பொருளில் எழுதிவைத்தார். மெனக்கெட்டார்கள் ஐயா! 1876-இலேயே பிரெஞ்சுக் கணிதர் லூகா 39 இலக்கப் பகா எண்ணை நிரூபித்தார், அதிலிருந்தே பார்லோ சொன்னதைவிடப் பெரிய நிறைவெண் வந்துவிட்டது. 2024-இல் கிடைத்த பகா எண்ணுக்கு நாலு கோடி இலக்கத்துக்கும் மேல்.

பார்லோவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ‘இதுக்கு மேல எங்கே போகப்போகுது’ என்று ‘இன்ட்’ போட்டவன் நான். யூடியூபும் அப்படித்தான் நினைத்திருந்தது. 2014-இல் ஒரு கொரியப் பாட்டு, நம் கல்யாண மண்டபங்களிலும் ஓடியதே, அதைப் பார்த்த எண்ணிக்கை இந்த எண்ணைத் தாண்டப்போய் 64 பிட்டுக்கு மாற்றினார்கள்.

அடுத்தது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் சிஸ்டங்களில், நம் நேரப்படி காலை 8:44:07-க்குக் கணக்கு இந்த எண்ணைத் தொடும். பொங்கல் லீவு முடிந்து ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். அடுத்த நொடி தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். அந்தப் பழைய கம்பெனி சர்வர் அன்றும் ஓடிக்கொண்டிருந்தால் என்னைத்தான் தேடுவார்கள். ஆனால் அவர்களிடம் இருக்கும் என் நம்பரும் 2147483647தான்.